பெட்டி கடித்ததிலிருந்து யாரும் எதையும் தொடுவதில்லை

கேள்வி:

"வணக்கம் சார். நாங்கள் ஐந்து பேர் சனிக்கிழமை இரவுகளில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதையாக ஆடும் விளையாட்டை ஆடுகிறோம். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிகள். நான்தான் டன்ஜன் மாஸ்டர் (டிஎம்), அதாவது கதையை நடத்துபவள். என் தம்பி ரோக், அதாவது பதுங்கிப் போய்ப் பூட்டுத் திறக்கும் கேரக்டர். மற்ற மூவரும் ஃபைட்டர் (வீரர்), கிளெரிக் (பூசாரி), விசார்ட் (மந்திரவாதி). எல்லாரும் முதல் லெவல்தான். பாழடைந்த கோட்டை ஒன்றின் நிலவறையில் புதையல் பெட்டி வடிவில் ஒரு மிமிக்கை (பொருள் போல வேஷம் போட்டுக் காத்திருக்கும் மிருகம்) வைத்திருந்தேன். தம்பி பெட்டியைத் தொடும் முன் 'ஏதாவது வித்தியாசமாத் தெரியுதா?' என்று கேட்டு பெர்செப்ஷன் ரோல் (கவனிக்கும் திறனுக்கு 20 முகப் பகடை உருட்டுவது) போட்டான். 19 வந்தது. ஆனால் சாதாரணப் பொருளிலிருந்து பிரித்தறிய முடியாது என்று புத்தகத்தில் இருப்பதால் 'சாதாரணப் பெட்டிதான்' என்று சொல்லிவிட்டேன். தொட்டான், ஒட்டிக்கொண்டான். ஒரே கடி, 14 டேமேஜ் (அடியின் அளவு). அவனுக்கு 9 ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி). ரோக் செத்துவிட்டது. மிமிக் மற்றவர்கள் பக்கம் திரும்பியது. மூன்று பேரும் எப்படியோ அதைக் கொன்றுவிட்டு வெளியே ஓடிவந்தார்கள். தம்பி அன்று முழுக்கப் பேசவில்லை. மறுநாள் 'நீ ஏமாத்திட்ட' என்றான். அதற்குப் பிறகு ஆட வரவில்லை. மற்ற மூவரும் வருகிறார்கள். ஆனால் கதவு, நாற்காலி, தண்ணீர்ப் பானை எதைப் பார்த்தாலும் முதலில் அம்பு விடுகிறார்கள், அப்புறம் பத்தடிக் கழியால் குத்துகிறார்கள். ஒரு அறையைக் கடக்க ஒரு மணி நேரம் ஆகிறது. நான் விதிப்படிதானே நடந்தேன்? இனி மிமிக்கையே விட்டுவிட வேண்டுமா? தம்பி திரும்ப வருவானா?"

— ஒரு வாசகி, கோவை

பதில்:

உங்கள் தம்பியின் ரோக் சாகவில்லை. மற்ற கேள்விகளுக்குப் போகும் முன் இதைச் சொல்லிவிட வேண்டும்.

ஐந்தாம் பதிப்பில் ஹிட் பாயின்ட் பூஜ்யத்துக்கு வந்தால் கேரக்டர் மயங்கி விழும், அவ்வளவுதான். பூஜ்யம் ஆன பிறகும் மிச்சமிருக்கும் டேமேஜ் அந்தக் கேரக்டரின் முழு ஹிட் பாயின்ட்டுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால்தான் அந்த இடத்திலேயே சாவு. 14-இல் 9 போனால் மிச்சம் 5. ஒரே கடியில் அவன் சாக வேண்டுமென்றால் 18 விழுந்திருக்க வேண்டும். 14 விழுந்தவன் தரையில் கிடந்தபடி, தன் முறை வரும்போதெல்லாம் டி20 (20 முகப் பகடை) உருட்ட வேண்டும். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் ஒரு வெற்றி, கீழே வந்தால் ஒரு தோல்வி. மூன்று தோல்வி சேரும் முன் மூன்று வெற்றி வந்துவிட்டால் உயிர் தங்கிவிடும். 20 விழுந்தால் கண் விழித்தே எழுந்துவிடுவான்.

அதோடு, உங்கள் பார்ட்டியில் (சாகசக் குழுவில்) ஒரு கிளெரிக் இருக்கிறது. காயம் ஆற்றும் மந்திரம் முதல் லெவலிலேயே கிளெரிக்குக்குக் கிடைக்கும். மிமிக் வேறு பக்கம் திரும்பியிருந்த நேரத்தில் ஒரே முறையில் அவனை எழுப்பி உட்கார வைத்திருக்கலாம். அந்த வாய்ப்பு தம்பிக்கு மட்டும் போகவில்லை, கிளெரிக்காக ஆடுபவருக்கும் போய்விட்டது. விழுந்தவனைத் தூக்கிவிடுவதற்காகத்தானே பலரும் அந்த வகுப்பை எடுக்கிறார்கள்.

புதிதாக டிஎம் ஆகிறவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் இது. ஆரம்பகாலப் பதிப்புகளில் பூஜ்யம் என்றால் சாவுதான். பெரும்பாலான கம்ப்யூட்டர் கேம்களிலும் அப்படித்தான். அந்த நினைப்பிலேயே ஆடிவிடுகிறோம். நீங்கள் கொடுத்த 14, 9 என்ற இரண்டு எண்களும் சரியாக இருப்பதால் இதைத் தயங்காமல் சொல்ல முடிகிறது.

தம்பியிடம் இதை இன்றைக்கே சொல்லுங்கள். அடுத்த சனிக்கிழமை வரை இழுக்க வேண்டாம், டேபிளில் எல்லார் முன்னாலும் வேண்டாம். வீட்டில் சாப்பிடும்போது, "விதியைத் தப்பாப் படிச்சிட்டேன்டா, உன் ரோக் உயிரோடதான் இருக்கான்" என்று சொன்னால் போதும். உருட்டாமல் விட்ட ரோல்களை இப்போது உருட்டச் சொல்லாதீர்கள். அது அவனை இரண்டாம் தடவை பணயம் வைப்பது போலாகிவிடும். கிளெரிக் காப்பாற்றிவிட்டது, மற்றவர்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள், இத்தனை நாள் பக்கத்து ஊர்க் கோயிலில் படுத்துக் கிடந்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்குள் அவன் மனம் வேறு கேரக்டருக்குப் போயிருந்தால் அதுவும் சரிதான். இரண்டில் எது என்பதை அவனே சொல்லட்டும்.

இனி அந்த 19.

"விதிப்படிதானே நடந்தேன்?" என்கிறீர்கள். பாதி வரைதான். மிமிக்கின் போலித் தோற்றம் பற்றிய குறிப்பு சொல்வது இவ்வளவுதான்: பொருள் வடிவில் அசையாமல் இருக்கும் வரை சாதாரணப் பொருளிலிருந்து அதைப் பிரித்தறிய முடியாது. அது மிமிக்கின் உடம்பைப் பற்றிய விதி. அது உட்கார்ந்திருக்கும் தரை, அதைச் சுற்றியுள்ள சுவர், காற்றில் இருக்கும் வாடை, அதற்கு முன்னால் அங்கே வந்து மாட்டியவர்கள் விட்டுப்போனவை, இவற்றைப் பற்றி அந்த வரி வாயே திறக்கவில்லை. தம்பி 19 போட்டுக் கேட்ட கேள்விக்கு அறை முழுவதும் பதிலாக இருந்திருக்கலாம். அவனுக்குக் கிடைத்ததோ "சாதாரணப் பெட்டிதான்" என்ற ஒரு வார்த்தை. அந்த விளையாட்டு உலகத்துக்குள் ஆடுபவர்களுக்குக் கண், காது, மூக்கு எல்லாமே டிஎம்-தான். கண் பொய் சொன்னால் மனிதன் கழியைத்தான் எடுப்பான். உங்கள் நண்பர்கள் செய்வதும் அதுதான். அவர்கள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

இந்த ஆட்டத்துக்குப் பழக்கமில்லாத வாசகர்களுக்கு மிமிக் யார் என்று சொல்லிவிடுகிறேன். கல், மரம் போன்றவற்றின் உருவத்தை எடுத்துக்கொண்டு, பெட்டியாகவோ கதவாகவோ அசையாமல் காத்திருக்கும் ஒரு கற்பனை விலங்கு. தொட்டவரைத் தன் உடம்பில் ஊறும் பசையால் பிடித்துக்கொண்டு கடிக்கும். 1977-இல் கேரி கைகாக்ஸ் எழுதிய முதல் மான்ஸ்டர் மேனுவல் என்ற மிருகத் தொகுப்பிலேயே இது வந்துவிட்டது. அப்போதிருந்து ஒவ்வொரு பதிப்பிலும் ஏதோ ஒரு வடிவில் தொடர்கிறது, கம்ப்யூட்டர் கேம்களுக்குள்ளும் புகுந்துவிட்டது. "கடிக்கும் புதையல் பெட்டி" என்றாலே இன்று கேம் ஆடும் யாருக்கும் தெரியும்.

நான் சாகசக் கதைகள் வடிவமைக்கும்போது மிமிக்கைப் பொறியாக நினைப்பதே இல்லை. அது ஒரு வேட்டை விலங்கு. அதற்குப் பசிக்கும், சாப்பிடும், செரிக்காததை வெளியே தள்ளும், இடம் மாறும். இப்படி நினைத்த உடனேயே அடையாளங்கள் தாமாக வரத் தொடங்கிவிடும். உங்கள் நிலவறையையே எடுத்துக்கொண்டு, ஆடுபவர்களுக்கு வாசித்துக் காட்டும் பகுதியை நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"படி முடிகிற இடத்தில் தாழ்வான அறை. சுவரோரம் ஐந்தாறு பீப்பாய்கள், இரும்பு வளையம் துருப்பிடித்துச் சரிந்து கிடக்கின்றன. தரைப் பலகை தெரியாத அளவுக்குத் தூசு. நடுவில் பித்தளைப் பூண் போட்ட ஒரு மரப்பெட்டி. பெட்டியைச் சுற்றி இரண்டு முழத்துக்கு மட்டும் தூசே இல்லை. அந்த இடத்தில் நான்கு பொன் பொத்தான்கள் கிடக்கின்றன."

அவ்வளவுதான். யாரும் ரோல் போட வேண்டாம், யாரும் கேட்கவும் வேண்டாம்; உள்ளே காலெடுத்து வைத்த உடனே இது கிடைத்துவிடும். பொத்தான் இருக்கிறது, சட்டை எங்கே? மிமிக்கின் கடியில் அமிலம் உண்டு. சாதாரண அமிலம் துணியைத் தின்னும், தோலைத் தின்னும், இரும்பையும் அரித்துவிடும். பொன்னை ஒன்றும் செய்யாது. இதை அந்த டேபிளில் ஒருவராவது பிடித்துவிடுவார். பிடிக்காமல் போனாலும் பாதகமில்லை. கடி வாங்கிய பிறகு "அட, அந்தப் பொத்தான்!" என்று தலையில் அடித்துக்கொள்வார்களே தவிர, ஏமாற்றினாய் என்று சொல்ல மாட்டார்கள்.

இதற்கு மேல் ஒருவர் நின்று நிதானித்துப் பார்த்து 19 போடுகிறார் என்றால் அந்த 19-க்குத் தனியாகக் கூலி கொடுக்க வேண்டும். "பூட்டின் துவாரத்தைச் சுற்றி ஒரு கீறல்கூட இல்லை. சாவியே நுழைந்திராத பூட்டு மாதிரி இருக்கிறது." அல்லது, "பீப்பாய்களின் அடிப்பாகம் எல்லாம் ஈரத்தில் கறுத்துப் போயிருக்கிறது, பெட்டியின் அடி மட்டும் காய்ந்திருக்கிறது." எனக்கு மிகவும் பிடித்த அடையாளம் எடை. மூன்றாம் பதிப்பில் மிமிக்கின் எடை 4,500 பவுண்டு என்று கொடுத்திருந்தார்கள், அதாவது சுமார் 2 டன். ஐந்தாம் பதிப்பில் அந்தக் கணக்கு இல்லை, இருந்தாலும் எடுத்துக்கொள்வதில் தப்பில்லை. "பெட்டி இருக்கும் இடத்தில் தரைப் பலகைகள் கீழே வளைந்திருக்கின்றன, ஒன்று பிளந்தே இருக்கிறது." அது மிமிக் என்று நீங்கள் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ஆனால் ஒரு ரோக்குக்கு இது போதும்.

பொன்மானாக வந்த மாரீசனைப் பார்த்த கணத்திலேயே இலக்குவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அத்தனை பெரிய மாயத்திலும், கூர்ந்து பார்ப்பவனுக்குப் பிடி கொடுக்க ஒரு இடம் இருந்தது. அதையும் மீறி மான் வேண்டும் என்ற ஆசைதான் வென்றது. நல்ல மிமிக் காட்சியும் அப்படித்தான் நடக்க வேண்டும். சந்தேகப்பட இடம் கொடுங்கள். அப்புறம் ஆசைக்கும் சந்தேகத்துக்கும் நடுவில் அவர்களே மாட்டிக்கொண்டு முழிக்கட்டும். அந்த இரண்டு மூன்று நிமிடம்தான் இந்த மிருகத்தால் டேபிளுக்குக் கிடைக்கும் உண்மையான சுவை. கடி அதற்கு அடுத்ததுதான்.

அம்புக்கும் கழிக்கும் வருவோம். இந்தத் தொல்லை உங்கள் டேபிளில் முளைத்தது இல்லை. 1977 புத்தகத்தைப் புரட்டினால், மேற்கூரையாக வேஷம் போடும் லர்க்கர் அபவ், தரையாக விரிந்து கிடக்கும் டிராப்பர், குகைக் கூரையில் கல்விழுது போலத் தொங்கி ஆள் தலையில் விழும் பியர்சர், கதவில் காது வைத்து ஒட்டுக்கேட்பவரின் காதுக்குள் புகுந்துகொள்ளும் இயர் சீக்கர் எல்லாம் மிமிக்கோடு வரிசையாக நிற்கும். ஆடுபவர்கள் எந்தப் பழக்கத்தால் தப்பிக்கிறார்களோ, அந்தப் பழக்கத்தையே தாக்கும் மிருகங்கள். கதவைத் திறக்கும் முன் ஒட்டுக்கேட்கக் கற்றுக்கொண்டவர்களுக்கு இயர் சீக்கர் காத்திருந்தது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். டிஎம் ஒரு படி ஏற, ஆடுபவர்கள் ஒரு படி ஏற, கடைசியில் யாரும் எதையும் தொடாமல் நிற்கிறார்கள். அந்தப் படிக்கட்டின் முதல் படியில் உங்கள் நண்பர்கள் கால் வைத்திருக்கிறார்கள். பதிலுக்கு நீங்களும் "கழியைப் பிடித்து இழுக்கும் மிருகம்" என்று ஒன்றை வைத்தால் இரண்டாம் படி. தயவுசெய்து வேண்டாம்.

விலைப்பட்டியலைப் பாருங்கள். பத்தடிக் கழி 5 செப்புக்காசு. இருபது அம்பு ஒரு பொற்காசு, அதாவது ஒரு அம்பும் 5 செப்புக்காசுதான். விளையாட்டுக்குள் இந்த ஜாக்கிரதைக்கு விலையே கிடையாது. முழு விலையையும் சனிக்கிழமை ராத்திரி டேபிளைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் நீங்கள்தான் தருகிறீர்கள், உங்கள் நேரமாக. தீப்பந்தம் ஒரு மணி நேரம்தான் எரியும், நேரம் போனால் எதிரி வருவான் என்று விளையாட்டுக்குள் விலை வைக்கலாம்தான், அது நல்ல பழக்கமும்கூட. ஆனால் நம்பிக்கை உடைந்திருக்கும் டேபிளில் இப்போது அதைக் கொண்டுவந்தால் இன்னொரு தண்டனையாகத்தான் படும். அதனால் முதலில் ஒரு உடன்படிக்கை செய்துகொள்ளுங்கள். செஷன் தொடங்கும் முன், பகடையை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, நேராகச் சொல்லுங்கள்:

"இனிமே உங்க கேரக்டர் எல்லாம் எப்பவும் ஜாக்கிரதையாத்தான் இருக்குன்னு நானே வெச்சுக்கிறேன். நீங்க சொல்ல மறந்தா அதுக்குத் தண்டனை கிடையாது. ஆபத்து இருக்கிற இடத்துல, நீங்க தொடுறதுக்கு முன்னாடியே, நான் சொல்ற வர்ணனையில ஏதாவது ஒண்ணு கட்டாயம் இடிக்கும். இடிக்கலைன்னா தாராளமா கை வைக்கலாம்."

சொல்வது சுலபம், அதை அவர்கள் நம்ப நாலைந்து அறைகளாவது ஆகும். அந்த அறைகளில் சாதாரணப் பெட்டிகளை வையுங்கள். உள்ளே நிஜமான பொருள் இருக்கட்டும்: ஒரு நல்ல கத்தி, கொஞ்சம் வெள்ளிக்காசு, யாரோ யாருக்கோ எழுதிய கடிதம். பழக்கதோஷத்தில் அம்பு விட்டால் விடட்டும். "அம்பு மரத்தில் பதிந்தது. வெறும் பெட்டி. திறக்கிறீர்களா?" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். ரோல் வேண்டாம், சஸ்பென்ஸ் வேண்டாம். அம்புக்குப் பதிலாக நீங்கள் நாடகம் போடப் போட, அம்பு விடுவது சுவாரசியமான வேலையாகிவிடும். பாசிவ் பெர்செப்ஷன் என்று ஒன்று இருக்கிறதே, 10-ஓடு பெர்செப்ஷன் திறமையைக் கூட்டி வருவது, அதை நாலு பேருக்கும் ஒரு சீட்டில் எழுதி உங்கள் மறைப்புத் திரைக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கு அதிகமோ அவருக்கு இரண்டாவது அடையாளத்தை அவர் கேட்காமலேயே கொடுங்கள். "உனக்கு மட்டும் ஒன்று உறுத்துகிறது" என்று ஆரம்பித்தாலே அந்த ஆள் நிமிர்ந்து உட்காருவார்.

இன்னொரு யோசனையையும் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். அடுத்த மிமிக் புதையல் பெட்டியாக வரவே கூடாது. புதிதாக ஆட வந்தவர்களுக்கு முதலில் கிடைக்கும் பெட்டி கடித்தால், பரிசைத் தேடிப் போனால் அடிதான் விழும் என்று கற்றுக்கொள்கிறார்கள். சாகச விளையாட்டு ஓடுவதே பரிசுக்கு ஆசைப்பட்டுத்தான். கதவாக வைக்கலாம், காவலர் அறை பெஞ்சாக வைக்கலாம், உடைந்த மாடிக்குச் சாய்த்து வைத்த ஏணியாக வைக்கலாம். 2014 விதிப்படி அது ஆளுயர அளவுதான் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

சண்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் லெவல் பார்ட்டிக்கு இந்த மிருகம் கனமானது. புத்தகத்தில் இதன் சேலஞ்ச் ரேட்டிங் 2. அதாவது நன்றாக ஓய்வெடுத்துத் தயாராக வந்த இரண்டாம் லெவல் கேரக்டர்கள் நாலு பேர் உயிரிழப்பு இல்லாமல் சமாளிக்கக்கூடியது. பார்ட்டியின் லெவலைவிட ரேட்டிங் கூடிய மிருகத்தை, அதுவும் ஆரம்ப லெவல்களில், யோசித்து வை என்று டிஎம்-களுக்கான கையேடே எச்சரிக்கிறது. அது ஏன் என்று தம்பியின் ரோக்கை வைத்தே பார்க்கலாம். தொட்டவன் பசை அட்டையில் கால் வைத்த எலி மாதிரி ஒட்டிக்கொள்கிறான். அதற்கு மிமிக் தாக்குதல் ரோல்கூடப் போட வேண்டியதில்லை. ஒட்டியவனை அது அட்வான்டேஜோடு தாக்கும், அதாவது இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளும். அவனுடைய ஆர்மர் கிளாஸ் (அவன் மேல் அடி விழத் தேவையான எண்) 14 என்று வைத்தால், +5 உள்ள கடி நூற்றுக்கு 84 தடவை விழும். விழுந்தால் சராசரியாக 11, 12 டேமேஜ். 9 ஹிட் பாயின்ட் உள்ளவன் முதல் கடியிலேயே சாய்வது துரதிர்ஷ்டம் ஒன்றும் இல்லை, அதுதான் எதிர்பார்க்க வேண்டியது. பிய்த்துக்கொண்டு தப்பிக்க 13 வேண்டும், அதையும் டிஸ்அட்வான்டேஜில், அதாவது இரண்டு பகடையில் சிறியதை எடுத்து, போட வேண்டும். +5 திறமை இருந்தாலும் நூற்றுக்கு 42 தடவைதான் தப்பிப்பான்.

இங்கேதான் ஒரு நண்பனின் கை வித்தியாசத்தைக் காட்டும். பக்கத்தில் நிற்பவர் தன் முறையை ஹெல்ப் ஆக்ஷன் என்ற உதவும் செயலுக்குக் கொடுத்து அவனைப் பிடித்து இழுத்தால் அட்வான்டேஜ் கிடைக்கிறது. அது பசையின் டிஸ்அட்வான்டேஜைத் தின்றுவிடும். 42 என்பது 65 ஆகிவிடும். புதியவர்களுக்கு இது தானாகத் தோன்றாது. "கையைப் பிடிச்சு இழுக்கிறீங்களா?" என்று டிஎம் கேட்டால் குற்றமில்லை. விடுபட்டுவிட்டால் அப்புறம் ஓடினாலே போதும். மிமிக்கின் வேகம் 15 அடி, மனிதக் கேரக்டரின் வேகம் 30 அடி. கொன்றுதான் தீர வேண்டும் என்ற கட்டாயம் எங்கேயும் இல்லை.

பசை பொருள் வடிவில் இருக்கும்போது மட்டும்தான் வேலை செய்யும் என்பதைப் பல டிஎம்-கள் கவனிப்பதில்லை. கடித்த உடனே மிமிக்கைக் கொழகொழவென்று உருகிய உருவத்துக்கு மாற்றிவிடுகிறார்கள். மாறினால் பசை போச்சு, மாறுவதற்கு ஒரு ஆக்ஷனும் செலவு. அதனால் விவரம் தெரிந்த மிமிக் பெட்டியாகவே, மூடியில் பல் முளைத்த பெட்டியாகவே நின்று சண்டை போடும். தொட்டது எதுவானாலும் ஒட்டும் என்பதால் ஃபைட்டரின் வாளும் ஒட்டிக்கொள்ளலாம். எனக்கு அந்தக் காட்சி பிடிக்கும்: வெட்டிய வாள் பெட்டியிலேயே நிற்கிறது, ஃபைட்டர் காலை ஊன்றி இழுக்கிறார். மூன்றாம் பதிப்பில் கடுமையான சாராயம் ஊற்றினால் பசை கரையும் என்று ஒரு விதி இருந்தது. ஐந்தாம் பதிப்பில் அதை விட்டுவிட்டார்கள். நான் என் டேபிளில் இன்னும் வைத்திருக்கிறேன், ஏனென்றால் பையில் என்ன இருக்கிறது என்று ஆடுபவர்களைத் தேட வைக்கிறது. அந்த நிலவறையில் பீப்பாய்கள் இருந்தனவே, ஒன்றில் சரக்கு மிச்சமிருந்ததாக வைத்தால் அறையே அவர்களுக்கு ஒரு வழி கொடுத்துவிடும்.

முதல் லெவலுக்கே மிமிக் வேண்டுமென்றால் அதன் ஹிட் பாயின்ட்டைக் குறையுங்கள். புத்தகத்தில் இருக்கும் 58 சராசரிதான். ஒன்பது எட்டுமுகப் பகடையோடு 18 என்பது கணக்கு; மிகக் குறைவாக 27 வரும். 27 உள்ள மிமிக்கும் விதிக்கு உட்பட்ட மிமிக்தான், குட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மிமிக்கையே விட்டுவிட வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம். சண்டை தவிர அதற்கு இன்னொரு பக்கம் இருக்கிறது, பெரும்பாலோர் தொடாத பக்கம். பேசும் மிமிக்குகள் உண்டு. 1977 புத்தகத்திலேயே புத்தியுள்ள ஒரு வகை இருந்தது, சாப்பாடு கொடுத்தால் சிநேகமாக நடந்துகொள்ளும். 2014 புத்தகமும் அரிதாகச் சில மிமிக்குகள் எளிய பேச்சு பேசும், தீனி கொடுத்தால் வழி விடும், தகவலும் சொல்லும் என்கிறது. உங்கள் நண்பர்களின் இன்றைய மனநிலைக்கு இதைவிடப் பொருத்தமான மருந்து எனக்குத் தெரியவில்லை. கோட்டையின் இன்னொரு மூலையில் ஒரு கதவு. வழக்கம்போல அம்பு விடுகிறார்கள். அம்பு பதிகிறது. ஒரு நிமிடம் சத்தமே இல்லை. அப்புறம் கதவு சொல்கிறது:

"வலிக்குது. ஏன்?"

அதற்குப் பிறகு அந்த டேபிளில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அது சின்னச் சின்ன வாக்கியமாகவே பேசட்டும். "பசி. கறி இருக்கா?" "போன வாரம் மூணு பேர். உள்ள போனாங்க. வரல." வழிப்பயணத்துக்கு வைத்திருக்கும் உணவை அவர்கள் எடுத்துப் போட்டால் கதவு விலகும், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று சொல்லும், வெளியே வரும்போது ஞாபகமும் வைத்திருக்கும். இத்தனை நாள் அடிக்க வேண்டிய பொருளாகத் தெரிந்தது ஒரு ஆளாகிவிடுகிறது. அப்புறம் எதன் மேலும் சட்டென்று அம்பு விட அவர்களுக்கே கை வராது. இதற்கும் முன்கூட்டி அடையாளம் வேண்டும், உடன்படிக்கையை மறந்துவிடாதீர்கள்: கதவில் கீல் இல்லை, பக்கத்தில் சுத்தமாக நக்கிய ஆட்டெலும்புகள்.

தம்பி திரும்ப வருவானா என்பதற்கு என்னால் உறுதி சொல்ல முடியாது, அது உங்கள் வீட்டு விஷயம். ஆனால் மிமிக் கடித்ததற்காக அவன் கோபப்படவில்லை. கேட்டுப் பார்த்துவிட்டுத் தொட்டவன் அவன். கேட்டது வீணானதுதான் அவனைச் சுட்டிருக்கிறது. ரோக் உயிரோடு இருக்கிறது என்ற செய்தியோடு, "நீ 19 போட்டப்போ நான் உனக்கு ஏதாவது சொல்லியிருக்கணும்" என்ற ஒரு வரியையும் சேர்த்துச் சொல்லுங்கள். அக்கா வாயிலிருந்து அது வருவதற்கு மதிப்பு அதிகம்.

அவன் வருகிறான் என்றால் முதல் செஷனை அந்த நிலவறையிலிருந்தே தொடங்கலாம். மிமிக்கைக் கொன்ற மூவரும் பயத்தில் வெளியே ஓடிவந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அதன் வயிற்றில் என்ன இருந்தது என்று யாரும் பார்க்கவில்லை. அமிலத்தில் பொன் கரையாது, கண்ணாடியும் கரையாது. கொஞ்சம் பொற்காசு, காயம் ஆற்றும் மருந்து ஒரு குப்பி, வாயைக் கண்ணாடி மூடியால் இறுக்கி அடைத்த இன்னொரு குப்பி, அதற்குள் சுருட்டி வைத்த ஒரு வரைபடம் என்று வையுங்கள். பெட்டியிலிருந்து அவன் எடுக்க வேண்டிய புதையல்தானே, அவனே போய் எடுக்கட்டும். வரைபடம் எங்கே கொண்டுபோகிறது என்று யோசிக்க உங்களுக்கு ஒரு வாரம் இருக்கிறது.